மைமு சோசாரின் கையெழுத்து

கிவிரான்னா ஊரில் மைமு சோசார் காகிதத்தில் எழுதிய பெயர், ஒரு கோப்பை காபி ஆறுவதற்குள் அந்தக் காகிதத்தை விட்டுப் போய்விடும். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஊரில் வேறெங்காவது வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை முதலில் கவனித்தவர் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட விர்வே. அது 2011 ஜனவரி, க்ரோன் நோட்டுகள் போய் யூரோ வந்த இரண்டாவது வாரம். படம் போட்ட புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போக ஆசைப்பட்ட மைமு, உறுப்பினர் அட்டையில் நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். விர்வே ஜன்னல் ஓரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினால் அட்டை வெறுமையாக இருந்தது. வேறு பேனா கொடுத்தார், அதுவும் போனது. பென்சில் கொடுத்தார், பென்சிலும் போனது. "விடு, நாளைக்குப் புதுப் பேனா வாங்கி வைக்கிறேன். புத்தகத்தை எடுத்துட்டுப் போ" என்று அனுப்பிவைத்தார். மறுநாள் விடியலில் ரொட்டிக்கடை சல்மே அடுப்பைத் திறந்தபோது, முதல் தட்டில் இருந்த மூன்று கறுப்பு ரொட்டிகளின் அடிப்பக்கத்திலும் மைமு சோசார் என்று எழுதியிருந்தது. மூன்றாவது ரொட்டியில் மட்டும் எழுத்து பென்சில் போல மெலிந்திருந்தது. ஊர் முழுக்கப் புதுக் காசைப் பற்றியே பேச்சாக இருந்ததால் ரொட்டியைப் பற்றி அந்த வாரம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. மூன்றும் பத்து மணிக்குள் விற்றுப்போயின.

மைமுவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. மெதுவாகப் பேசுவாள், மெதுவாகப் புரிந்துகொள்வாள், எண்ணச் சொன்னால் பத்திலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குத் தாவுவாள். அது கடைசிவரை அப்படித்தான் இருந்தது. பின்னால் அவள் மேதையாகிவிட்டாள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பதினொரு வயதில் அவளைக் காட்டுக்குள் காப்பகமாக மாற்றியிருந்த ஒரு பழைய பண்ணை மாளிகையில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மாளிகையில் நூற்று நாற்பது கட்டில்கள், ஒரே ஒரு சலவை அறை. யார் துணி யாருடையது என்று தெரிவதற்காக எல்லாத் துணியிலும் பெயர் தைத்திருப்பார்கள். தலையணை உறையில் தைத்திருந்த தன் பெயரை மைமு ஈர விரலால் மேசைமேல் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினாள். இரண்டு குளிர்காலம் பிடித்தது. வேறு எந்தச் சொல்லும் அவளுக்கு எழுத வரவில்லை, இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவாள். அவளுக்கு இருபது வயதானபோது, பழைய ஆட்சியில், ஒரு நீதிபதி ஒரே பிற்பகலில் அந்த மாளிகையைச் சேர்ந்த பதினொரு பேரின் கோப்புகளை எடுத்து, இவர்கள் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளத் தகுதியற்றவர்கள் என்று எழுதி முத்திரை குத்தினார். பதினொரு பேரில் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. மைமுவுக்குக் காப்பாளராக அவளுடைய அண்ணன் ஹெய்னோவின் பெயர் எழுதப்பட்டது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவும் இல்லை. அதனால் தன் பெயர் காகிதத்தில் நிற்பதில்லை என்பது அவளுக்கே தெரியாது.

ஆட்சி மாறியது, நாடு மாறியது, மாளிகை மட்டும் மெதுவாக மாறியது. கடைசியில் 2010இல் அதை மூடி, அங்கிருந்தவர்களைச் சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் ஊரில் துறைமுகத் தெருவில் ஆறு பேருக்கு ஒரு வீடு கிடைத்தது. மைமுவை அங்கிருந்து வேனில் ஏற்றுவதற்கு மட்டும் நாலு மணி நேரம் ஆனதாம். வந்த பிறகு ஒரு வாரம் அவள் வேறு வேலையே செய்யவில்லை. தன் அறைக் கதவைச் சாவியால் பூட்டுவாள், திறப்பாள், மறுபடி பூட்டுவாள். எட்டாம் நாள் போதும் என்று தோன்றியதோ என்னவோ, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, மீன் புகையிடும் கொட்டகைக்குப் போய் வேலை கேட்டாள்.

கொட்டகை யூஹான் பயூவுடையது. யூஹானுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. கையால்தான் பேசுவார், எதிரே இருப்பவரின் உதட்டையும் படிப்பார். மைமு அவருடைய கைப்பேச்சை ஊரில் எல்லோரையும்விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். கையால் பேசுகிறவர், எதிராளி பார்த்து முடிக்கிறவரை காத்திருப்பார். வாயால் பேசுகிற யாரும் அவளுக்காக அதுவரை காத்திருந்ததில்லை. தட்டை மீன்களைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவது அவள் வேலை. ஒரு கம்பிக்கு எத்தனை என்று எண்ண வராது, கம்பி நிறைந்தால் நிறைந்தது. மறு வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அடுப்பில் புகைக்கான ஆல்டர் மரக்கட்டையைத் தள்ளிவிட்டு யூஹான் கையால் கேட்டார்: "கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"எதுக்கு?"

"காலைல எந்திரிச்சதும் உன்னைத் திட்டணும்னா தெருவைத் தாண்டி வர வேண்டியிருக்கு."

மைமு சிரித்த சிரிப்பில் கம்பி கைநழுவி அத்தனை மீனும் சாம்பலில் விழுந்தது. அதைத்தான் யூஹான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இதற்குள் அவள் பெயர் ஊரில் பல இடங்களில் தென்பட ஆரம்பித்திருந்தது. மருத்துவமனைப் படிவத்தில் போட்ட கையெழுத்து, துறைமுகத்தில் உறைந்த கடலில், பனிக்கட்டிக்கு அடியில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு பசுவின் நீளத்துக்குக் கிடந்தது. அதன்மேல் நடந்துதான் மீனவர்கள் துளை போடப் போனார்கள். தபால் பொட்டலம் வாங்கப் போட்டது, போதகருடைய வெள்ளைக் குதிரையின் விலாவில் சாம்பல் நிற மயிராக முளைத்தது. தடுப்பூசிக்குப் போட்டது ஒரு கூடைச் சாளை மீன்களின் வயிற்றில் வெள்ளி எழுத்தாக வந்தது. கத்தியால் கீறியிருப்பார்கள் என்று சுகாதார அதிகாரி வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தோலோடு பிறந்த எழுத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். ஊரில் யாரும் பயப்படவில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதே என்று பள்ளிக்கூட ஆசிரியர்கள் பாராட்டினார்கள்.

கல்யாணத்துக்குப் பதிவு செய்ய இருவரும் நவம்பரில் பதிவாளர் அலுவலகம் போனார்கள். யூஹான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், மைமு மீன் வாடை போகச் சாவியைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். பதிவாளர் அம்மாள் விண்ணப்பத்தை நீட்ட, மைமு எழுத, எல்லோரும் காத்திருக்க, பெயர் போனது. "உன் பேர் நிக்க மாட்டேங்குதே மைமு. நிக்காத பேருக்கு நான் எப்படி சீல் குத்தறது?" என்றார் பதிவாளர். "உங்க காகிதம்தான் சரியில்லை" என்றாள் மைமு. பதிவாளர் கணினிப் பக்கம் திரும்பி எதையோ தேடினார், முகம் மாறியது, திரும்பாமலே சொன்னார்: "உனக்கு ஒரு கார்டியன் இருக்காரும்மா. உன் அண்ணன். அவர் இல்லாம நீ எதுலயும் கையெழுத்துப் போட முடியாது. கல்யாணமும் முடியாது."

"எனக்கா? எப்போலேர்ந்து?"

"எண்பத்தொண்ணுலேர்ந்து."

"யார் சொன்னா?"

"கோர்ட்டு."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

பதிவாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியதால் யூஹானுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்றாங்க என்று கேட்டார். மைமு கையால் சொன்னாள்: "நான் இல்லையாம்." யூஹான் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "அப்போ காலைல என் மீனைக் கருக்கினது யாரு?" என்றார் கையால்.

ஹெய்னோ பக்கத்து ஊரில் டிராக்டர் பழுது பார்ப்பவர். அறுபது வயது, தனிக்கட்டை. செய்தி கேட்டு ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு துறைமுகத் தெருவுக்கு வந்தார். கெட்டவர் இல்லை, எந்தப் பேச்சையும் கிழங்கு மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். "கல்யாணமெல்லாம் உனக்கு எதுக்கு மைமு? நாளைக்கு நான் செத்துட்டா உன்னை யார் பாத்துப்பா?" என்றார். "நான்" என்றாள் மைமு. "நீ பால் பாக்கெட்ல தேதி பாக்க மாட்டே." "மோந்து பாப்பேன்." ஹெய்னோ தலையைச் சொறிந்துகொண்டு மற்ற விஷயத்தைச் சொன்னார். துறைமுகத் தெரு வீட்டில் பகலில் மட்டும்தான் உதவிக்கு ஆள். தெற்கே, இருநூறு கிலோமீட்டர் தள்ளி, புதிதாக ஒரு பெரிய இல்லம் கட்டியிருக்கிறார்கள். இருபத்துநாலு மணி நேரமும் செவிலியர், நல்ல சூடு, தோட்டம். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே அவளுக்கு ஒரு கட்டில். "கையெழுத்துப் போட்டாச்சு" என்றார்.

"என் கையெழுத்தா?"

"என்னுது."

மைமு எழுந்தாள். அறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஹெய்னோ கதவுக்கு வெளியே நின்று, தோட்டம் நல்லா இருக்கும், ஆப்பிள் மரம்கூட இருக்கு என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

நூலகத்தில் விர்வே சட்டப் புத்தகத்தைப் புரட்டி, காப்பாளரை நீக்கக் கோரிச் சம்பந்தப்பட்டவரே நீதிமன்றத்துக்கு எழுதலாம் என்று கண்டுபிடித்தார். எழுதியும் கொடுத்தார். கையெழுத்துதான் சிக்கல். மைமு போட்டாள், போனது, மறுபடி போட்டாள். நாலு நாளில் பதினேழு முறை போட்டாள். பதினேழும் போயின. ஊரில் ஓரிடத்திலும் வரவில்லை. சல்மே ஒவ்வொரு ரொட்டியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் இல்லடி. எதுக்கும் நாளைக்குப் பாக்கலாம்" என்று வாசலில் நின்று சொல்லுவார். கடைசியில், இவள் போட்டதை நாங்கள் கண்ணால் கண்டோம் என்று ஊரில் மூன்று பேர் கீழே எழுதிக் கொடுக்க, வெறும் இடத்தோடு விண்ணப்பம் தபாலில் போனது.

பதினேழு கையெழுத்தும் அதற்கு முன்பே நீதிமன்றம் போய்ச் சேர்ந்திருந்தன. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மாவட்ட நீதிமன்றத்தில், நீதிபதி ஹில்லே துய்ஸ்க் அமரும் அறையின் பெரிய ஜன்னலில், பனி படிந்து, வரிசையாக, நீதிபதியின் நாற்காலியிலிருந்து நேராக வாசிக்கிற மாதிரி. காவலாளி சுரண்டினார், சுரண்டச் சுரண்டப் பனி அதே எழுத்தாக ஏறியது. அடுப்பைக் கூட்டினார்கள், கண்ணாடி முழுக்கத் தெளிந்து, பெயர்கள் மட்டும் நின்றன. ஹில்லே துய்ஸ்க் இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர், கதைகளில் நாட்டமில்லாதவர். தபால் வந்த அன்று விண்ணப்பத்தை வாசித்தார், வெறும் இடத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கோப்பில் எழுதினார்: "விண்ணப்பதாரரின் கையொப்பம் ஜன்னலில் உள்ளது. தெளிவாக வாசிக்க முடிகிறது. ஏற்கப்படுகிறது." பிறகு பழைய கோப்பை வரவழைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். முப்பது வருடத்தில் ஆறு முறை காப்பாளர் நியமனம் நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆறு முறையும் மைமு சோசாரை எந்த நீதிபதியும் நேரில் பார்க்கவில்லை. மார்ச் பதினாலாம் தேதி நானே வருகிறேன் என்று கடிதம் எழுதினார்.

விசாரணை துறைமுகத் தெரு வீட்டின் சமையலறையில் நடந்தது. மேசையைச் சுற்றி நீதிபதி, ஒரு மருத்துவர், ஹெய்னோ, விர்வே, யூஹான். யூஹானுக்காகக் கைப்பேச்சு தெரிந்த ஒரு பெண்ணையும் நீதிபதி அழைத்து வந்திருந்தார். சல்மே குங்குமப்பூ போட்டு வளைத்துச் சுட்ட கேக் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். நீதிபதி மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, "வணக்கம். நீங்க உக்காருங்க" என்றார். மைமு திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் குளிர்பெட்டிதான் இருந்தது. "உங்களைத்தான் சொன்னேன்" என்றார் நீதிபதி. அதுவரை அவளை யாரும் நீங்க என்று சொன்னதில்லை. மைமு உட்கார்ந்தாள், முதுகை நிமிர்த்திக்கொண்டாள், அன்று கடைசிவரை அந்த முதுகு வளையவே இல்லை.

முதலில் மருத்துவர் கேட்டார், இன்று என்ன தேதி என்று. நீதிபதியம்மா வர்ற தேதி என்றாள் மைமு. நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார். மைமு யோசித்துவிட்டு, "நூறு மீன்ல ஏழு காணோம்னா முதல்ல பூனையைப் பாக்கணும்" என்றாள். மருத்துவர் தன் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் தப்புக் குறி போட்டார். நீதிபதி, போதும் டாக்டர் என்று சொல்லிவிட்டுத் தானே கேட்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எதெல்லாம் கஷ்டமா இருக்கு?"

"எண்ணுறது. மாத்திரை. பெரிய காகிதம்."

"அதுக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"மாத்திரைக்கு டப்பா இருக்கு, விர்வே கிழமைக்கு ஒரு கலர் ஒட்டியிருக்கா. பெரிய காகிதம் வந்தா மூணு பேரைப் படிக்கச் சொல்லுவேன். தனித்தனியா. மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் நம்புவேன்."

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் பேனா ஒருமுறை நின்றதாகவும், தன் அலுவலகத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்தால் தேவலை என்று முணுமுணுத்ததாகவும் விர்வே பின்னால் சொன்னார். யூஹானைக் கட்டிக்க உங்களுக்கு ஏன் ஆசை என்று கேட்டார். "அவர் காத்துட்டிருப்பாரு" என்றாள் மைமு. தெற்கே போகிறீர்களா என்றதற்கு, மாட்டேன் என்றாள். அங்கே போகாமல் இங்கே ஏதாவது தப்பு நடந்தால் என்று கேட்டதற்கு, "நடக்கும். யூஹானுக்கும்தான் நடக்குது. போன வாரம் கொட்டகையையே கொளுத்தப் பாத்தாரு" என்றாள். கையால் மொழிபெயர்த்த பெண் இதையும் மொழிபெயர்க்க, யூஹான் எழுந்து நின்று அது காற்றின் தப்பு என்று ஆட்சேபித்தார். அதுவும் கோப்பில் இருக்கிறது.

பிறகு நீதிபதி ஹெய்னோ பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா நீங்கதான் கார்டியன். உங்க தங்கச்சி காலைல எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?" ஹெய்னோவுக்குத் தெரியவில்லை. "காபில சர்க்கரை போடுவாங்களா?" தெரியவில்லை. மேசையில் காபி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஹெய்னோ மைமுவின் கோப்பைக்குள் எட்டிப் பார்க்காத குறை. "சரி, எதுக்காவது பயப்படுவாங்களா?" ஹெய்னோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். டிராக்டர் எண்ணெய் ஏறிய பெரிய கைகள். மைமுதான் சொன்னாள்: "அவனுக்குத் தெரியும். பஸ்ஸு."

ஹெய்னோ உடைந்துபோனது அப்போதுதான். அறுபது வயது மனிதர், கிழங்கு மூட்டை இல்லாமல் அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தார். "பஸ்லதான் ஏத்திட்டுப் போனேன்" என்றார். "அம்மா செத்து ஒரு மாசம். எனக்கு இருபத்திரண்டு வயசு, ஒண்ணும் தெரியலை. அழுதா. சாயங்காலம் திரும்பிடலாம்னு சொன்னேன். சொல்லிட்டு விட்டுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் எந்தக் காகிதம் வந்தாலும் அவளுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னே கையெழுத்துப் போட்டேன். அவகிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்லை." கைப்பேச்சுப் பெண்ணின் கைகள் கடைசி வார்த்தையில் நின்றிருந்தன. மைமு கேக்கில் ஒரு துண்டு வெட்டி அண்ணன் முன்னால் வைத்தாள். "வந்துட்டேனே ஹெய்னோ. சாயங்காலம் ஆக ரொம்ப நேரம் ஆயிடுச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

நீதிபதி அங்கேயே, மேசைமேல் இருந்த கேக் துணுக்குகளைக் கையால் தள்ளிவிட்டுத் தீர்ப்பை எழுதினார். காப்பாளர் நியமனம் இன்றோடு முடிந்தது. தெற்கே போட்ட ஏற்பாடு செல்லாது. மைமு சோசார் தம் காரியங்களைத் தாமே முடிவுசெய்வார். பெரிய காகிதங்களை அவர் தேர்ந்தெடுக்கும் மூன்று பேர் அவருக்குப் படித்துச் சொல்வார்கள். எழுதி முடித்து, "கேட்டுப் பாருங்க. பிடிச்சிருந்தா கீழ கையெழுத்துப் போடுங்க. பிடிக்கலைன்னா சொல்லுங்க, மாத்தலாம்" என்றார். மைமு விர்வேயைப் படிக்கச் சொன்னாள், தனியாக, கூடத்தில். பிறகு மருத்துவரை, அவர் கொஞ்சம் தடுமாறிவிட்டு எழுந்து போய்ப் படித்தார். மூன்றாவதாக ஹெய்னோவைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மைமு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

எல்லோரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காபி ஆவி விட்டது, விட்டு முடிந்தது. மேலே ஆடை படிந்தது. யூஹான் கண் சிமிட்டாமல் பார்த்ததில் கண்ணீர் வழிந்தது. அது கண் எரிச்சல் என்று இன்றுவரை சொல்கிறார். அரை மணி நேரம் கழித்து நீதிபதி கட்டைவிரலால் அந்தப் பெயரை ஒருமுறை தேய்த்தார். மை உலர்ந்திருந்தது, பெயர் இருந்தது. "எனக்கு இன்னொரு கேஸ் இருக்கு" என்று எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டார். விர்வே போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார், மார்ச் மாதக் குளிரில். மருத்துவர் மூன்று துண்டு கேக் சாப்பிட்டார். ஹெய்னோ உட்கார்ந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனார், வாயைத் திறந்துகொண்டு, ஐந்து மணி வரைக்கும். அவரை யாரும் எழுப்பவில்லை. முப்பத்தெட்டு வருடத் தூக்கக் கடன், ஒரு பிற்பகலில் கொஞ்சமாவது அடைபடட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதுவரை மைமுவை அவள் என்று எழுதிவந்தாயிற்று. ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நீதிமன்றமே அவர் என்று எழுதிவிட்ட பிறகு நாமும் அப்படி எழுதுவதுதான் முறை. மைமுவும் யூஹானும் அந்த ஜூன் மாதம் கல்யாணம் செய்துகொண்டார்கள்; மைமுவுடைய பெயர் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது, யார் போனாலும் பதிவாளர் காட்டுவார். காலையில் எழுந்ததும் திட்டுவதற்கு இருவருக்கும் தெருவைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. மறு வருடம் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலில் மைமு வாக்களித்தார். யாருக்குப் போட்டார் என்று யூஹான் எவ்வளவோ கேட்டும் சொல்லவில்லை. ஹெய்னோ ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். பஸ்ஸில் வர மாட்டார், டிராக்டரில் வருவார். சில நாள் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடற்கரைவரை ஓட்டுவார். ஏற்கெனவே ஊரில் போய் உட்கார்ந்த பெயர்கள் திரும்பி வரவில்லை. அவை வந்த இடத்தில் பழகிவிட்டன. குதிரை விலாவில் மயிர் உதிர்ந்தாலும் மறு வருடம் அதே எழுத்தாக முளைக்கிறது; பிப்ரவரியில் கடல் உறைந்தால் முதலில் உறைவது அந்தப் பெயர்தான், அதை வைத்துத்தான் பனி எவ்வளவு கெட்டி என்று மீனவர்கள் கணிக்கிறார்கள். 1981இன் அந்தப் பிற்பகலில் முத்திரை விழுந்த பதினொரு பேரில் நாலு பேர் உயிரோடு இருந்தார்கள், மைமுவைச் சேர்த்து. மற்ற மூவரும் வெவ்வேறு ஊர்களில். அடுத்த இரண்டு குளிர்காலத்தில் மூன்று நீதிமன்றங்களின் ஜன்னல்களில் மூன்று பெயர்கள் பனியில் வாசிக்கக் கிடைத்தன, நீதிபதிகளும் போய்ப் பார்த்தார்கள். இருவருக்குக் காப்பாளர் நீங்கினார். மூன்றாமவர், எனக்கு என் அக்காவே இருக்கட்டும் என்றார். கேட்டுத்தான் அதை எழுதினார்கள்.

2016இல் ஊர் உருவான ஆண்டுவிழா வந்தது. துணை மேயர் பூங்கொத்தோடு மைமுவின் வீட்டுக்கு வந்தார். விழாவுக்கு மைமுவின் பெயரையே வைக்கலாம் என்று நகராட்சிக்கு யோசனை: கோப்பையிலும் பையிலும் கொடியிலும் அந்தக் கையெழுத்தை அச்சடிப்பது, வெளியூர்க்காரர்கள் வருவார்கள். இரண்டு பக்கக் காகிதம், கீழே ஒரு கோடு. மைமு அதை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று பேரைத் தனித்தனியாகப் படிக்கச் சொன்னார். மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள், மூவரும் நல்ல விஷயம்தான் என்றும் சொன்னார்கள். மைமு இரண்டு நாள் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை துணை மேயர் மறுபடி வந்தபோது எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள்.

"வேண்டாம்" என்றார் மைமு.

"ஏன் மைமு? உங்க பேருக்குத்தானே பெருமை?"

"என் பேர் போன இடத்துக்கெல்லாம் அதுவாத்தான் போச்சு. நான் அனுப்பலை. கோப்பைக்குப் போகணும்னா அதுவே போய்க்கும்."

"ஒரே ஒரு கையெழுத்துதான்."

"அதைத்தான் போட மாட்டேன்."

துணை மேயர் பழக்கதோஷத்தில் ஹெய்னோவைப் பார்த்தார். ஹெய்னோ மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். முள் எடுப்பது அன்று அவருக்கு மிகுந்த கவனம் தேவைப்படுகிற வேலையாக இருந்தது. துணை மேயர் யூஹானைப் பார்த்தார். யூஹான் தன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினார், உதட்டைப் படித்து எல்லாம் தெரிந்துகொண்டு. வேறு யாரிடமும் கேட்பதற்கு இல்லை. துணை மேயர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரிங்க" என்றார், பூங்கொத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

அந்த மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகராட்சியில் இருக்கிறது. ஏழாவது பொருளில் இப்படி எழுதியிருக்கிறார்கள்: "திருமதி மைமு சோசார் கையொப்பமிட மறுத்துவிட்டார். ஊரில் ஆங்காங்கே தென்படும் பெயர்களைப் பொறுத்தவரை நடவடிக்கை எதுவும் தேவையில்லை." எட்டாவது பொருள், குளிர்காலத்தில் நடைபாதைகளில் மணல் தூவுவது பற்றியது.